விளிம்பு மட்டும் தேய்ந்த பதக்கம்

பழைய போர்ப் பதக்கங்களில் போலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற கேள்விக்கு மேலே எழுதியவர்கள் பெரும்பாலும் வார்ப்புப் போலிகளை, அதாவது அசலிலிருந்து அச்செடுத்து உலோகத்தை உருக்கி ஊற்றினவற்றைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறீர்கள். அதையாவது லென்ஸ் வைத்துப் பார்த்தால் பிடித்துவிடலாம். பொடிப்பொடியாகக் குமிழிக் குழிகள், மழுங்கின எழுத்து, தானே காட்டிக்கொடுத்துவிடும். என்னைக் கேட்டால், அசல் பதக்கத்தின் விளிம்பில் இருக்கும் வீரர் பெயரை மட்டும் மாற்றி விற்கிறார்களே, அதுதான் பெரிய தலைவலி.

காரைக்குடிப் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் வார் மெடல் ஒன்றை எடுத்து வைத்தார்கள். வெள்ளி. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரைமேல் புனித ஜார்ஜ். விளிம்பில் ஒரு தமிழ் சிப்பாயின் பெயர், 75-ஆம் கர்நாடிக் காலாட்படை. நம்மூர்ப் படைப்பிரிவு என்றால் இங்கே விலை எகிறிவிடும். வெள்ளியில் மட்டும் 60 லட்சத்துக்கு மேல் அடித்த மெடல் இது. யாருக்கும் வேண்டாத பெயரோடு கிடைப்பதை மலிவாக வாங்கி, விளிம்பை அராவி, ஆள் தேடும் பெயரை ஏற்றிவிட வேண்டியதுதான்.

இந்த மெடலுக்கு இருக்க வேண்டிய விட்டம் 36 மில்லிமீட்டர். காலிப்பரில் (விட்டம் அளக்கிற கருவி) ஒரு திசையில் 36 காட்டியது. கொஞ்சம் திருப்பி அளந்தால் 35.5 கூட வரவில்லை. லென்ஸில் பார்த்தால் எழுத்தெல்லாம் உளியால் கீறினது, பள்ளத்தின் அடியில் பளபளப்பு. அரசு கொடுத்ததில் பெயரை அச்சால் அழுத்தி அடித்திருப்பார்கள். எழுத்து ஒரே ஆழத்தில் இருக்கும்.

கடைக்காரர் விடவில்லை. “நூறு வருஷம் ஆச்சுண்ணே, தேயாதா?”

தேயும். ஆனால் முதலில் தேய்வது மேடான இடம்தானே! ராஜாவின் கன்னமும் குதிரையின் தொடையும் மழுங்கியிருக்க வேண்டும். இதிலோ ராஜாவின் தாடி முடி இழை இழையாகத் தெரிகிறது, விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறது. அதைச் சொன்னதும் வேறு சாமான் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

பெயரே இல்லாத பர்மா ஸ்டார் (இரண்டாம் உலகப்போரில் பர்மாப் போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த நட்சத்திரப் பதக்கம்) போலியா என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்படி இல்லை. இரண்டாம் உலகப்போர் ஸ்டார்களை பிரிட்டன் தன் வீரர்களுக்குப் பெயர் இல்லாமல்தான் கொடுத்தது. இந்திய வீரர்களுக்கோ பெயர் அடித்துக் கொடுத்தார்கள். ஆகவே வெற்று ஸ்டாரை வாங்கி, பின்னால் நம்மூர்ப் பெயரை வெட்டி விற்பதும் நடக்கக்கூடியதே. அங்கேயும் எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் ரிப்பன். நோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள். பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் பிற்காலத்து நூலாக இருக்கலாம், அல்லது சோப்புத்தூளில் அலசியிருக்கலாம். அதை மட்டும் வைத்து மெடலைத் தள்ளிவிடாதீர்கள்; ரிப்பன் இற்றுப்போனால் வீட்டுக்காரர்களே புதிதாகப் போட்டிருப்பார்கள்.