வெள்ளிக்கிழமைக்குள்: வித்தினா, பையா, அன்டிலா?

ஈரோடு_கணக்கர்:
நிலுவைப் பணம் கேட்டு மெயில் அனுப்புறது என் வேலை. ‘ப்ளீஸ் பே வித்தின் ஃப்ரைடே’ன்னு எழுதினேன். ஆபீஸ்ல ஒருத்தர் ‘அன்டில்’ங்கிறார், இன்னொருத்தர் ‘பை’ங்கிறார். எதுங்க சரி?

கிராமர்_அக்கா:
‘பை ஃப்ரைடே’தான் தம்பி. ‘க்குள்’னு வந்தாலே நாம வித்தின் போட்டுடுறோம். வித்தினுக்குப் பின்னால கால அளவு வரணும்: ‘வித்தின் த்ரீ டேஸ்’. நாள், தேதி, மணின்னா பை. அன்டில், அதுவரைக்கும் தொடர்ந்து நடக்கிறதுக்கு: ‘ஐ ஆம் ஆன் லீவ் அன்டில் ஃப்ரைடே’. அதுலயும் வெள்ளி லீவா இல்லையான்னு படிக்கிறவங்க குழம்புவாங்க. ‘பேக் ஆன் மண்டே’ன்னு எழுதிட்டா வம்பே இல்ல.

சேலத்துப்_பையன்:
‘பிஃபோர் ஃப்ரைடே’ன்னா கெடு வியாழனோட முடிஞ்சுது, கவனம். வெள்ளி சாயங்காலம் வரை டைம் தர்றதா இருந்தா ‘பை 5 பி.எம். ஆன் ஃப்ரைடே’ன்னு மணியோட போடுங்க. பண விஷயம், பின்னால தகராறு வரக்கூடாது.

ஈரோடு_கணக்கர்:
ரொம்ப நன்றிங்க. ‘வித்தின் டென் டேஸ் ஃப்ரம் இன்வாய்ஸ் டேட்’ சரிதானுங்களா?

கிராமர்_அக்கா:
ஃப்ரம் தப்பில்ல. ஆனா ‘வித்தின் டென் டேஸ் ஆஃப் தி இன்வாய்ஸ் டேட்’தான் வழக்கம். அந்த ‘தி’யை விட்டுடாதீங்க.