மொட்டை மாடி மரக்கதவ நானே மாத்தலாமா?

மாடிவீடு:
எல்லாருக்கும் வணக்கம். ஆதம்பாக்கத்துல சொந்த வீடு, 1996ல அப்பா கட்டினது. மொட்டை மாடிக் கதவு ஃப்ளஷ் டோர் (ரெண்டு முகத்துலயும் ப்ளைவுட் ஒட்டின தட்டைக் கதவு), மேல சன்ஷேடு சின்னது, வருஷா வருஷம் ஐப்பசி கார்த்திகை மழையில நனைஞ்சு அடியில முக்கால் அடி உயரத்துக்கு ஒட்டு விட்டு ஏடு ஏடா உரிஞ்சு வருது, கை வச்சா உதிருது. நிலை தேக்கு, பாக்க நல்லா தான் இருக்கு. ஆசாரி ரெண்டு பேர் வந்து பாத்துட்டுப் போனாங்க, ஒத்தக் கதவு வேலைன்னா யாரும் தேதி சொல்ல மாட்டேங்குறாங்க. ட்ரில்லிங் மெஷின், உளி எல்லாம் இருக்கு, அலமாரிக்கு கீல் மாட்டின பழக்கம் உண்டு. நானே இறங்கலாமா? மழைக்கு முன்னாடி முடிக்கணும்.

உளிச்சத்தம்:
தாராளமா பண்ணலாம் சார். ஆனா மொதல்ல நிலைய பாருங்க. நிலைக்கால் தரையோட சேர்ற எடத்துல ஸ்க்ரூட்ரைவர் முனைய வச்சு அமுக்குங்க, உள்ள இறங்குச்சுன்னா கதவு மாத்தி பிரயோஜனம் இல்ல. தேக்குன்னு நம்பி விட்டுடாதீங்க, வைரம், அதாவது மரத்தோட உள் கட்டை தான் தாங்கும், வெளிறு, அதாவது பட்டைய ஒட்டின வெளிர் மரம் இருந்தா தேக்கையும் கரையான் தின்னும்.

அளவ பழைய கதவுல எடுக்காதீங்க, அத எத்தன வாட்டி இழைச்சிருப்பாங்களோ. நிலையில கதவு உக்கார்ற பள்ளத்துல மேல, நடுவுல, கீழன்னு மூணு எடத்துல அகலம் பாத்து சின்னத எடுத்துக்கோங்க, பக்கத்துக்கும் மேலயும் 3 மில்லிமீட்டர், அடியில 5 இல்ல 6 விடுங்க. மூலைக்கு மூலை டேப் பிடிச்சுப் பாருங்க, ரெண்டும் ஒண்ணா இல்லன்னா நிலை கோணல், அதுக்குத் தக்கபடி தான் கதவ இழைக்கணும்.

கீல் குழி தான் இதுல பெரிய வேலை. கீல் தகடு கனம் எவ்வளவோ அவ்வளவு தான் ஆழம், கூடிட்டா கதவு சாத்தும்போது கடைசி ஒரு இன்ச்ல எகிறிட்டு நிக்கும். அப்படி ஆனா பதறாதீங்க, கீலுக்கு அடியில கெட்டி அட்டைய வெட்டி வச்சா சரியாயிடும். நிலையில பழைய ஸ்க்ரூ ஓட்டை லூசா இருந்தா மூங்கில் குச்சிய சீவி ஃபெவிகால் தடவி அடிச்சு மறுநாள் ட்ரில் போடுங்க. கதவு 25 கிலோவுக்கு மேல இருக்கும், மூணு கீல் போடுங்க, தூக்கிப் பிடிக்க ஒரு ஆள் கண்டிப்பா வேணும்.

கடலோரம்:
நான் பெசன்ட் நகர். இரும்பு கீல் இங்க உப்புக் காத்துல சீக்கிரமே துருப்பிடிச்சிடுது, உங்க ஏரியா கடலுக்கு தள்ளி தான், ஆனாலும் மழை படற கதவு, அதனால எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத ஸ்டீல்) கீலும் ஸ்க்ரூவும் போட்டுடுங்க. கதவு வாங்கும்போது கடைக்காரர் வாட்டர்ப்ரூஃப்னு வாயால சொல்றத நம்பாதீங்க, கதவுல பிடபிள்யூபி (கொதி தண்ணியும் தாங்குற ஒட்டு), ஐஎஸ் 2202 (ஃப்ளஷ் டோருக்கான இந்தியத் தரம்)ன்னு முத்திரை இருக்கான்னு பாருங்க.

எனக்கு நடந்தது இது: ரெண்டு முகத்துக்கும் அழகா பெயிண்ட் அடிச்சேன், அடி விளிம்ப விட்டுட்டேன். தண்ணி அது வழியா தான் ஏறுச்சு, மொத மழையிலயே உப்பி சாத்தவே முடியல, அவசரத்துல இழைச்சு விட்டேன், சித்திரை வெயில்ல காஞ்சதும் சுண்டு விரல் போற இடைவெளி. மாட்டுறதுக்கு முன்னாடியே மேல் விளிம்பு, அடி விளிம்பு, கீல் குழி, பூட்டு ஓட்டை எல்லாத்துக்கும் ப்ரைமர் ரெண்டு கோட் அடிச்சிடுங்க. மழைக் காலத்துல இழைக்கவே இழைக்காதீங்க.

நங்கநல்லூர்காரன்:
டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) கதவு போடுங்க ப்ரோ, தண்ணியும் கரையானும் ஒண்ணும் பண்ணாது.

உளிச்சத்தம்:
பாத்ரூமுக்கு சரி தம்பி. நாள் முழுக்க வெயில் அடிக்கிற எடத்துல சில கதவு வளைஞ்சு வந்தத நானே கழட்டி இருக்கேன். சார், கதவுக்கு வெளிப்பக்கம் அடியில ஒரு அலுமினியம் ஆங்கிள் அடிங்க, வழியிற தண்ணி படிக்கு உள்ள போகாம வெளிய சொட்டும்.

மாடிவீடு:
ரொம்ப நன்றி. இப்ப தான் ஸ்க்ரூட்ரைவர் வச்சுப் பாத்தேன், இடது நிலைக்கால் கல்லு மாதிரி இருக்கு, வலது பக்கம் தரையில இருந்து ரெண்டு இன்ச் வரைக்கும் மெத்துன்னு இறங்குது. அத மட்டும் வெட்டி தேக்குத் துண்டு சேக்கலாமா, இல்ல முழு நிலையும் போகணுமா?

உளிச்சத்தம்:
ரெண்டு இன்ச் தானே, நிலைய கழட்ட வேணாம். நல்ல மரம் வர்ற வரைக்கும் சாய்வா வெட்டி தேக்குத் துண்டு சேத்துடலாம். வெட்டின எடத்துல மண் தெரியுதான்னு பாத்து ஒரு போட்டோ போடுங்க, மண் இருந்தா கரையான் மருந்து அடிச்சிட்டு தான் துண்டு வைக்கணும்.