பகலில் தீனி வைத்தால் சுண்டெலியின் இதயத் துடிப்புத் தாளம் தலைகீழாவது ஏன்?

கேள்வி:
12 மணி நேரம் விளக்கு, 12 மணி நேரம் இருட்டு. டெலிமெட்ரி (துடிப்பைக் கம்பியில்லாமல் அனுப்பும் கருவி) பொருத்திய சுண்டெலிகளுக்கு விளக்கு எரியும்போது மட்டும் தீனி. வழக்கமாக இரவில் இருக்கும் துடிப்பின் உச்சம் சில நாட்களில் பகலுக்கு வந்துவிடுகிறது. மூளையில் உடலின் நாள்தாளத்தை நடத்தும் தலைமைக் கடிகாரமான எஸ்சிஎன்னே நகர்ந்துவிட்டதா? ஒப்பீட்டுக்கு எந்தக் குழுக்கள் வேண்டும்?

பதில் 1:
எஸ்சிஎன் நகரவில்லை. அது வெளிச்சத்துக்குக் கட்டுப்பட்டது. போதிய தீனி கிடைக்கும்வரை தீனி நேரத்தை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. உறுப்புகளுக்கும் சொந்தக் கடிகாரங்கள் உண்டு. கல்லீரல் கடிகாரம் சில நாட்களில் தீனியைப் பின்தொடரும், இதயம் சற்று மெதுவாக. 2000-லேயே சுண்டெலி ஆய்வு இதைக் காட்டிவிட்டது.

துடிப்பு இவ்வளவு சீக்கிரம் மாறக் காரணம் வேறு. சாப்பிட்டதும் பரிவு நரம்புத் (துடிப்பை வேகப்படுத்தும் நரம்பு) தூண்டலும் உடல் வெப்பமும் ஏறும். இரவுப் பட்டினியில் இரண்டும் இறங்கும். 22 டிகிரி அறையில் பட்டினி கிடக்கும் சுண்டெலி டார்ப்பருக்குள் (உடல் வெப்பத்தைக் குறைத்துக்கொள்ளும் மந்த நிலை) போய், துடிப்பு மிகவும் சரியும். அந்தச் சரிவையே தாள மாற்றம் என்று எண்ணிவிடுவோம். உடல் வெப்பத்தையும் சேர்த்துப் பதியுங்கள். முடிந்தால், சுண்டெலிக்குக் குளிராத 30 டிகிரியில் ஒரு குழுவை வையுங்கள்.

பதில் 2:
குழுக்கள் மூன்று: எந்நேரமும் தீனி, இரவில் மட்டும், பகலில் மட்டும். பின்னிரண்டுக்கும் ஒரே நீள இடைவெளி. இரவுக் குழு இல்லாவிட்டால், மாற்றம் நேரத்தால் வந்ததா, தீனியை மட்டுப்படுத்தியதால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது.

தீனியை எடுத்தால் போதாது. படுக்கைத்தூளுக்குள் துணுக்குகள் கிடக்கும், ராத்திரி தோண்டித் தின்னும். எடுக்கும்போதே புதுக் கூண்டுக்கு மாற்றுங்கள். தொட்டதும் துடிப்பு எகிறும் என்பதால், மற்ற குழுக்களையும் அதே நேரத்தில் மாற்றி, அடுத்த ஒரு மணி நேரப் பதிவை எல்லாவற்றிலும் ஒதுக்குங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். எடையையும் மிச்சத் தீனியையும் தினமும் நிறுங்கள்.

கேட்டவர்:
எஸ்சிஎன் நகரவில்லை என்பதை நேரடியாகக் காட்ட வழி?

பதில் 1:
கடைசிப் பகல் தீனிக்குப் பிறகு முழு இருட்டு, தடையற்ற தீனி. சக்கர ஓட்டம் முதல் நாள் எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். பழைய விளக்கணைப்பு நேரத்தை ஒட்டியே தொடங்கினால் எஸ்சிஎன் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. துடிப்பின் உச்சமும் உடனே இரவுக்குத் திரும்பினால், பகல் உச்சத்துக்குக் காரணம் தீனியின் நேரடி விளைவுதான்.

கதவிடுக்கு, கருவிகளின் சின்ன எல்இடி எல்லாவற்றையும் கறுப்பு டேப்பால் மூடிவிடுங்கள். அந்த மங்கல் வெளிச்சமே முழு இருட்டுச் சோதனையைக் கெடுத்துவிடும்.