மறு: ஒழுங்கைக்குக் கொங்கிறீட் – பங்களிப்பு

உறவுகளுக்கு வணக்கம்.

ஊரில் நம்மட ஒழுங்கையை உயர்த்திக் கொங்கிறீட் போட ஸ்காபரோ அண்ணன் கேட்ட பணத்தை நான் இன்னும் அனுப்பவில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

மாரிக்குள் ஊருக்குப் போன மச்சாள் அனுப்பிய படங்களைப் பார்த்தீர்கள்தானே. பெரியம்மாவின் வளவுக்குள் முழங்கால் தண்ணீர். 2011 ஜனவரி வெள்ளத்துக்கே அவரது திண்ணை நனையவில்லை. இப்போது ஒழுங்கையை இன்னும் உயர்த்தினால், பள்ளத்தில் கிடக்கிற பழைய வளவுகளுக்குள்தான் அவ்வளவும் இறங்கும்.

சுனாமிக்கு முதல் அந்தப் பக்கம் வளவு என்றால் அரை ஏக்கருக்குக் குறையாது. ஒரு வீடு, ஒரு கிணறு, மிச்சம் தென்னையும் மணலும். பெய்கிற மழையை மணல் குடித்துவிடும். பிறகு சுனாமியில் வீடிழந்த மட்டக்களப்பு நாவலடிச் சனங்கள் திராய்மடுவில் குடியேறினார்கள், ரோட்டும் கரண்டும் வந்தன, காணி விலை ஏறியது. பெண் பிள்ளைக்கு வீடு கொடுப்பது நம்மட வழக்கம். மூன்று மகள் என்றால் வளவு மூன்றாகும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து நாங்கள் விற்ற காணிகளைத்தான் புரோக்கர்மார் 10 பேர்ச், 6 பேர்ச் (160 பேர்ச் ஒரு ஏக்கர்) என்று துண்டாக்கி, கிரவல் கொட்டி உயர்த்தினார்கள். 80 பேர்ச்சில் ஒரு கூரை இருந்த இடத்தில் இன்று எட்டு, முற்றமெல்லாம் சீமெந்து. 6 பேர்ச் என்பது கிட்டத்தட்ட 40 அடிக்கு 40 அடி. அதற்குள் கிணற்றையும் மலசலகூடக் குழியையும் எவ்வளவுதான் தள்ளி வெட்டுவது? மணல் நிலத்தில் குழித் தண்ணீர் கிணற்றுக்கு வந்து சேர நாளாகாது. பெரியம்மா இப்போது குடிக்கத் தண்ணீர் காசுக்கு வாங்குகிறார்!

மழைத் தண்ணீர் வடிந்தோடுகிற தோணாவை நிரப்பி மதில் கட்டியதும் அப்படி விற்ற காணியில்தான். விற்றது யாரென்று அண்ணனுக்குத் தெரியும். அம்மாவின் செத்தவீட்டில் அவர் ஓடியோடிச் செய்ததை நான் மறக்கவில்லை. அதற்காக இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

பொருளாளர் தம்பி, கோயில் மண்டபக் கணக்கில் மிச்சம் எவ்வளவு என்று முதலில் இங்கே எழுதிப் போடுங்கள். எத்தனை தரம் கேட்பது? அப்புறம், தோணாவைத் திறக்கவும் மதகு போடவும் என்றால் என் பங்கை இரட்டிப்பாகத் தருகிறேன்.

சூரிச் மாமா, உங்கள் காணியை விலை பேச ஆள் வந்து போகிறதாம். கொடுப்பதென்றால், தோணாக் கரையை விட்டு அளக்கச் சொல்லி காணி உறுதியில் எழுதுவியுங்கள்.