புதுப் படகை பிரிஸ்பேனில் இருந்து மெல்பனுக்கு ட்ரெய்லரில் இழுத்து வருவது: வெளிக்கிட முதல் என்ன பார்க்க வேணும்?

பாக்குநீரிணை:

எல்லாருக்கும் வணக்கம். பிரிஸ்பேனுக்குத் தெற்கே ஒரு கடையில் 5.5 மீட்டர் அலுமினியப் படகு ஒன்றுக்கு முற்பணம் கட்டியாச்சு. 90 குதிரைச்சக்தி நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்ட் பூட்டி, ஒற்றை அச்சு ட்ரெய்லரோட தருகினம். ட்ரெய்லரும் புதுசுதான்: ஓவர்ரைட் டிஸ்க் பிரேக், 185ஆர்14சி ரயர். இழுக்கப்போறது டொயோட்டா க்ளூகர். பிரேக் உள்ள ட்ரெய்லர் என்றால் 2,000 கிலோ வரை இழுக்கலாம் என்று கையேட்டில கிடக்கு.

இதுவரை இழுத்தது சின்னப் பெட்டி ட்ரெய்லர் மட்டும். மெல்பன் வரை 1,700 கிலோமீட்டருக்குக் குறையாது. நியூவெல் நெடுஞ்சாலையால வாறதோ, கரையோரமா வாறதோ? பாரம் சரியா வருமோ? புது ட்ரெய்லருக்கு பேரிங் பார்க்கத் தேவையில்லை என்று கடையில சொல்லுகினம், அதை நம்பலாமோ?

---

இரும்பச்சு:

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம்பாதீங்க. புது ட்ரெய்லர்தான் முதல் 200 கிலோமீட்டர்ல அதிகமா இளகும். கால்வனைஸ் பண்ணின இரும்புல, அச்சைப் பிடிக்கிற யூ-போல்ட்டை முடுக்கினா, நடுவுல இருக்கிற துத்தநாகப் பூச்சு ஓட்டத்துல அமுங்கி, போல்ட் தளர்ந்துடும். அச்சு ஒரு பக்கம் ரெண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலே ட்ரெய்லர் கோணலா ஓடி டயரைத் தின்னும். வீல் நட்டும் அப்படித்தான், புது ரிம்மோட பூச்சு உட்கார்ந்ததும் பிடி குறையும்.

அதனால கடை வாசல்லயே இதைப் பண்ணுங்க. ரெண்டு சக்கரத்தையும் ஒவ்வொண்ணா ஜாக் போட்டுத் தூக்கி, டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. பொடி அசைவு இருக்கலாம், 'டக் டக்'னு தட்டக் கூடாது. பிறகு கையால சுத்துங்க. கரகரப்பு இருந்தா பேரிங், ஒரே இடத்துல உரசினா பிரேக். சக்கர நடுவுல இருக்கிற டஸ்ட் கேப்பைக் கழற்றச் சொல்லி கிரீஸ் இருக்கான்னு பாருங்க, அச்சு நட்டைக் கழலாம பிடிக்கிற ஸ்பிளிட் பின் விரிச்சு மடக்கியிருக்கான்னும் பாருங்க. பேரிங்குக்கு வெளியே கிரீஸ் தெரியுதுங்கிறதுக்காக உருளைகளுக்கு நடுவுலயும் ஏறியிருக்கும்னு எடுத்துக்க முடியாது. சந்தேகம் வந்தா, பேரிங் உட்கார்ற சக்கர நடுப்பாகமான ஹப்பைப் பிரிச்சு மரீன் கிரீஸ் போட்டுத் தரச் சொல்லுங்க. ஒரு மணி நேர வேலைதான், கேட்கிறதுக்குத் தயங்காதீங்க.

வீல் நட்டை டார்க் ரெஞ்ச் வச்சு முடுக்குங்க. அரை அங்குல ஸ்டட்டுக்கு வழக்கமா 100லிருந்து 110 நியூட்டன் மீட்டர், ஆனா தயாரிப்பாளர் தாள்ல என்ன எண் இருக்கோ அதுதான் முடிவு. 50 கிலோமீட்டர்ல ஒரு தரம், 150ல ஒரு தரம், அப்புறம் தினமும் காலையில ஒரு தரம் முடுக்கிப் பார்க்கணும்.

பிரேக்கைப் பற்றி ஒண்ணு. ஓவர்ரைட்ங்கிறது காரை ட்ரெய்லர் முன்னாடி தள்ளும்போது மட்டும் பிடிக்கிற பிரேக். பின்னாடி எடுக்கும்போது பிடிக்காம இருக்க, ட்ரெய்லரைக் காரோட பூட்டுற கப்ளிங் மேல ஒரு சின்ன லீவர் இருக்கும். அதைப் போட்டு ரிவர்ஸ் எடுத்துட்டு, திருப்பி விடாம அப்படியே ரோட்டுக்கு வர்றவங்க நிறைய பேர். லீவர் தானா விலகுற மாதிரி இல்லைன்னா, 1,700 கிலோமீட்டரும் பிரேக் இல்லாமலே ஓடும். புது பேட் என்பதால், காலி ரோட்டுல 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவா பத்துத் தடவை பிரேக் போட்டு, நடுநடுவே ஆற விட்டு, உட்கார வையுங்க. போடும்போது கப்ளிங் தண்டு பாதிக்கு மேல உள்ளே போச்சுன்னா கேபிளைச் சரி பண்ணணும்.

கூட ஒரு ஸ்பேர் ஹப் செட் வச்சுக்குங்க. கிரீஸ் போட்டு, பேரிங் ஏற்றி, தயாரா கிடைக்கும்.

---

வலைஞன்:

இரும்பச்சு அண்ணை சொன்னதில ஒரு திருத்தம். டிஸ்க் பிரேக் ட்ரெய்லரில ஹப்பும் டிஸ்கும் பெரும்பாலும் ஒரே வார்ப்பு. வெறும் ஸ்பேர் ஹப் பூட்டலாம், ஆனா அந்தப் பக்கம் பிரேக் இல்லாமத்தான் ஓட வேண்டி வரும். பேரிங் கிட் வாங்கி வையுங்கோ. இங்க பரவலா ரெண்டு வகை. 'ஹோல்டன்' என்று சொல்லுறதில உள்பேரிங் எல்.எம். 67048, வெளிப்பேரிங் எல்.எம். 11949. 'ஃபோர்ட் ஸ்லிம்லைன்' என்றால் உள்ளுக்கு எல். 68149, வெளியில எல்.எம். 12749. பாரமான அச்சுகளுக்கு வேற அளவும் இருக்கு. உங்கட ட்ரெய்லருக்கு எது என்று கடையில எழுதி வாங்குங்கோ. வழியில நாலு மணிக்குப் பிறகு பாகம் தேடி நிக்கேக்க அந்த எண்தான் கைகொடுக்கும். மரீன் சீல், ஸ்பிளிட் பின், டஸ்ட் கேப், கிரீஸ், சின்ன ஜாக், உண்மையா அந்த நட்டுக்குப் பொருந்துற ஸ்பானர் எல்லாம் காருக்குள்ள இருக்க வேணும். காரின்ர ஜாக் ட்ரெய்லர் அச்சுக்குக் கீழ போகுமோ என்று அங்கேயே வச்சுப் பாருங்கோ. ஸ்பேர் வீல் இல்லாம ட்ரெய்லரை எடுக்கவே வேண்டாம்.

இனிப் பாரம். உங்கட படகுக்குக் கிட்டத்தட்ட இப்படி வரும்: உடல் 620 கிலோ, எஞ்சின் 165, ரெண்டு பற்றறி 40, நங்கூரமும் சங்கிலியும் கயிறும் 20, லைஃப் ஜாக்கெட்டும் சில்லறைச் சாமானும் 40, ட்ரெய்லர் 430. நூறு லீற்றர் பெற்றோல் நிரப்பினால் இன்னும் 74. மொத்தம் 1,390 அளவில நிக்கும். க்ளூகருக்கு இது பிரச்சினை இல்லை. ஆனா பார்க்க வேண்டியது அது மட்டும் இல்லை. ட்ரெய்லர் தகட்டில ஏ.டி.எம். என்று ஒரு எண் இருக்கும், ட்ரெய்லரும் சுமையும் சேர்ந்து அதைத் தாண்டக் கூடாது. சக்கரத்தில மட்டும் இறங்கிற பாரம் ஜி.டி.எம். அது 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். 2,000 தாண்டினால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக்கும், கப்ளிங் கழன்றால் தானா பிடிக்கிற அமைப்பும் வேணும். நீங்கள் நடுவில நிக்கிறீங்கள், ஓவர்ரைட் போதும்.

ஆனா என்னைக் கேட்டால் மொத்தப் பாரத்தை விட முக்கியம் டோ-பாலில, அதாவது காருக்குப் பின்னால ட்ரெய்லர் கொளுவிற உருண்டையில, இறங்கிற பாரம்தான். ட்ரெய்லர் பாம்பு மாதிரி ஆடுறது அனேகமா இது குறைஞ்சதாலதான். மொத்தத்தில 7 முதல் 10 வீதம், அதாவது உங்களுக்கு 100 முதல் 140 கிலோ. பொது எடைமேடைக்குக் கொண்டு போய், ட்ரெய்லரைக் கழற்றி, முன்னுக்கு இருக்கிற சின்னத் தாங்கு சக்கரமான ஜாக்கி வீலோட முழுசா மேடையில வச்சு ஒருக்கா நிறுங்கோ. பிறகு காரில கொளுவி, ட்ரெய்லர் சக்கரம் மட்டும் மேடையில நிக்க ஒருக்கா நிறுங்கோ. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பாலில நிக்கிற பாரம்.

குறைவா இருந்தால், படகை இழுத்து ஏத்திற வின்ச் நிக்கிற கம்பத்தின்ர யூ-போல்ட்டைத் தளர்த்தி, கம்பத்தை முன்னுக்கு நகர்த்திப் படகை அதோட சேர்த்து இழுக்க வேணும். கணக்கு சுகம்: படகின்ர பாரத்தை நகர்த்தின தூரத்தால பெருக்கி, கப்ளிங்கில இருந்து அச்சு வரைக்குமான நீளத்தால பிரியுங்கோ. 960 கிலோப் படகு, 10 சென்டிமீட்டர், 4.5 மீட்டர் என்றால் பாலில 21 கிலோ கூடும். நகர்த்தின பிறகும் பின்பலகை, பங்க்கின்ர (படகு உட்காருற கம்பளம் சுத்தின பலகை) முனை வரைக்கும் தாங்கலில இருக்குதோ என்று பாருங்கோ. எஞ்சின் தொங்கிற இடத்துக்கு அடியில தாங்கல் இல்லாட்டி உடல் வளையும்.

பெற்றோல் கால் டாங்குக்கு மேல வேண்டாம். அடித்தண்ணீர் மூடியைக் கட்டாயம் கழற்றி விடுங்கோ. ஒரு இரவு மழைக்கு நூறு லீற்றர் நின்றால் அது நூறு கிலோ, அதுவும் பின்பக்கமா ஓடித் தேங்கும். அப்ப நீங்கள் நிறுத்த கணக்கு எல்லாம் பிழைச்சுப் போகும்.

---

நெடுஞ்சாலை_நாடோடி:

வழியைப் பற்றி நான் சொல்றேன். முதல் தடவை இழுக்கிறவருக்கு என் வோட்டு கரையோரம்தான், நூறு கிலோமீட்டர் போல கூடினாலும் பரவாயில்லை.

நியூவெல்ல போனா கூண்டிவிண்டி, மோரீ, நாராபிரை, கூனபராப்ரன், டப்போ, பார்க்ஸ், வெஸ்ட் வயலாங்னு ஊர்கள் வசதியா வரும், தூரமும் குறைவு. ஆனா பெரும்பகுதி ஒருவழிக்கு ஒரு லேன்தான், அங்கங்கே ஓவர்டேக் லேன். மோரீ பக்கம் கரிசல் மண் மேல போட்ட ரோடு. மண் ஈரத்துல உப்பி, வெயில்ல சுருங்கி, தார் அலை அலையா நிக்கும். கார் அதைத் தாண்டிடும், ஒற்றை அச்சு ட்ரெய்லர் குதிக்கும். எதிர்ல 36 மீட்டர் நீள ரோட் ட்ரெயின் (பல ட்ரெய்லர் கோத்த லாரி) வந்தா காத்து அடிச்சுத் தள்ளும். விடியலிலும் அந்தியிலும் கங்காரு வேற.

கரையோரமா வந்தா, பசிபிக் நெடுஞ்சாலை இரட்டைப் பாதை வேலை 2020 டிசம்பர்ல முடிஞ்சுது. சில இடங்கள்ல மட்டும் சிக்னல்ல நிக்கணும். சிட்னியில ஊருக்குள்ள நுழையவே வேண்டாம்: வாரூங்காவில நார்த்கனெக்ஸ் சுரங்கம், அது எம்2 விரைவுச்சாலையில விடும், அங்கிருந்து எம்7, பிறகு மெல்பன் போற ஹ்யூம் நெடுஞ்சாலை. ஹ்யூம் முழுக்க 2013லேயே இரட்டைப் பாதை ஆயிடுச்சு. சுங்கத்துக்கு ஒரு குறிப்பு: சிட்னியில 12.5 மீட்டர் நீளமோ 2.8 மீட்டர் உயரமோ தாண்டினா பெரிய வண்டிக் கட்டணம். கார் முன் பம்பரிலிருந்து ப்ரொப்பெல்லர் வரைக்கும் டேப் பிடிச்சு அளந்துடுங்க, ஏரியலையும் மடக்கி வையுங்க.

மூணு நாளாப் பிரிங்க. முதல் நாள் போர்ட் மெக்குவாரி (சுமார் 530 கிலோமீட்டர்), ரெண்டாம் நாள் யாஸ், மூணாம் நாள் வீடு. ரெண்டே நாள்ல முடிக்கணும்னு யாரும் சொன்னா கேட்காதீங்க. களைச்ச கண்ணுக்கு ஸ்ட்ராப் தளர்ந்தது தெரியாது.

வேகம்: ட்ரெய்லரோட 90லிருந்து 95 போதும். 110 போர்டு உங்களுக்காக வச்சதில்லை. உங்க வண்டி மொத்தம் ஏழரை மீட்டருக்கு மேல வர்றதால, ஊருக்கு வெளியே ஒற்றை லேன்ல இன்னொரு நீள வண்டிக்குப் பின்னாடி போறப்போ 60 மீட்டர் இடைவெளி சட்டப்படியே விடணும். ட்ரெய்லர் ஆட ஆரம்பிச்சா பிரேக்கை மிதிக்காதீங்க, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீங்க. நேராப் பிடிச்சு, ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்க. நின்னதும் காரணத்தைத் தேடுங்க, பால் பாரமோ டயர் காத்தோவா இருக்கும்.

---

இரும்பச்சு:

டயர் காத்துன்னதும் ஞாபகம் வருது. 185ஆர்14சிக்கு சைடுவால்ல போட்டிருக்கிற உச்ச அளவு பொதுவா 65 பி.எஸ்.ஐ. சுத்தமா ஆறின டயர்ல, ட்ரெய்லர் தகட்டுல சொன்ன அளவை அடிங்க. ஒரு மணி நேரம் ஓடினதும் அளந்தா, லைட் ட்ரக் டயர்ல 6 பி.எஸ்.ஐ. வரைக்கும் ஏறலாம். அதுக்கு மேல ஏறினா ஆறின நிலையில காத்து குறைவா இருந்துதுன்னு அர்த்தம், பக்கச்சுவர் மடிஞ்சு மடிஞ்சு சூடாகுது. சூடா இருக்கும்போது காத்தை இறக்கக் கூடாது, அது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

ஹப் சூடு: முதல் நிறுத்தம் 40 கிலோமீட்டர்ல. கடைசி அரைக் கிலோமீட்டரை பிரேக் அதிகம் போடாம உருட்டி நிறுத்தி, புறங்கையை ஹப்புக்கிட்ட கொண்டு போங்க. டிஸ்கைத் தொடாதீங்க, சுடும். வெப்பநிலைத் துப்பாக்கி மலிவாக் கிடைக்கும், ஒண்ணு வாங்கிடுங்க. இடதும் வலதும் ஒரே மாதிரி இருந்தா நிம்மதி. ஒண்ணு மட்டும் 20 டிகிரி கூட இருந்தா அங்கேயே ஜாக் போட்டுப் பாருங்க, அடுத்த ஊர் வரைக்கும் போயிடலாம்னு ஓட்டாதீங்க.

---

பாக்குநீரிணை:

எல்லாருக்கும் நன்றி, எழுதி எடுத்திட்டன். கட்டுறது எப்பிடி? கடையில வின்ச் பட்டியே போதும் என்று சொல்லுகினம். மற்றது, பதிவு இல்லாத ட்ரெய்லரை மாநிலம் தாண்டிக் கொண்டு வரலாமோ?

---

வலைஞன்:

வின்ச் பட்டி போதாது. வின்ச்சின்ர பல் ஒருக்கா வழுக்கினால் படகைப் பிடிக்க வேற ஒண்டும் இல்லை. அணியத்தில (படகின்ர முன்முனை) இருக்கிற கண்ணில இருந்து வின்ச் கம்பத்துக்குத் தனிச் சங்கிலி ஒன்று, ட்ரெய்லர் சட்டத்தை நோக்கிக் கீழ இழுக்கிற பட்டி ஒன்று. பின்பலகையில உள்ள ரெண்டு கண்ணிலயும் 50 மில்லிமீட்டர் ராட்செட் பட்டி, ஒவ்வொண்டும் நேர கீழ சட்டத்துக்கு. இங்கத்தைய விதி, பிரேக் போடேக்க சுமையின்ர 80 வீதத்தையும் பக்கவாட்டிலயும் பின்னுக்கும் 50 வீதத்தையும் கட்டு தாங்க வேணும் என்று சொல்லுது. 960 கிலோப் படகுக்கு முன்னுக்கு 770 கிலோ அளவு. அதனால அணியம் வின்ச் கம்பத்தின்ர 'வி' ரப்பரில அழுத்தி உட்கார்ந்திருக்க வேணும், ஒரு விரல் இடைவெளியும் கூடாது. பட்டியை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில படபடக்காது. கூர் விளிம்பில படுகிற இடத்துக்குத் துணியோ ரப்பரோ வையுங்கோ. புதுப் படகு பங்க் கம்பளத்தில அமுங்கும், முதல் 50 கிலோமீட்டரில பட்டி தளராட்டித்தான் அதிசயம்.

எஞ்சினை நிமிர்த்தி வச்சு ரோட்டுக்கு இடைவெளி இருந்தால் அப்பிடியே விடுங்கோ. இல்லாட்டி பாதி தூக்கி, காலுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில தாங்கு கம்பி ஒன்று குடுங்கோ. எஞ்சினில உள்ள சின்ன டில்ட் பூட்டு நிறுத்தி வைக்கிறதுக்குத்தான், குலுங்கிற பாதைக்கு இல்லை. ப்ரொப்பெல்லர் ட்ரெய்லர் முனையில இருந்து 1.2 மீட்டருக்கு மேல நீட்டினால் சிவப்புக் கொடி கட்ட வேணும், எஞ்சின் பின்விளக்கை மறைக்கக் கூடாது. கூடாரத் துணி, குஷன், மூடிப் பலகை எல்லாம் காருக்குள்ள. களஞ்சியத்தில போடுற உறையைப் போட்டு இழுக்க வேண்டாம். காற்றில அடிச்சு அடிச்சுப் புதுப் பெயின்றை உரசி எடுத்துவிடும்.

பதிவு: பதிவில்லாத ட்ரெய்லரை அனுமதிச்சீட்டு இல்லாம ரோட்டில ஏத்தக் கூடாது. பயண நாட்களும் மெல்பன் வரைக்குமான வழியும் சீட்டில அடங்குதோ என்று கேட்டு எடுங்கோ. தகட்டையும் வி.ஐ.என். என்கிற வாகன அடையாள எண்ணையும் படம் எடுத்து வையுங்கோ. படகைத் தண்ணியில இறக்க முதல், வாகனப் பதிவு செய்யிற விக்ரோட்ஸில படகுப் பதிவும் தேவை, விக்டோரியாவில இயந்திரம் பூட்டின எல்லாப் படகுக்கும் அது கட்டாயம். காப்புறுதி கடை வாசலில இருந்தே தொடங்குற மாதிரி எடுங்கோ, வழியில நடக்கிறதையும் அது மூடுதோ என்று எழுத்தில கேளுங்கோ.

வந்த கையோட நேர இறங்குதுறைக்குப் போகவும் வேண்டாம். ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த தண்ணிக்குள்ள போனால் உள்ள இருக்கிற காற்று சட்டென்று சுருங்கி, சீலுக்குள்ளால உப்புத் தண்ணியை உறிஞ்சும். அரை மணித்தியாலம் ஆற விட்டு, லைட் பிளக்கைக் கழற்றி, அடித்தண்ணீர் மூடியைப் பூட்டிப்போட்டு இறக்குங்கோ.