ஆப்பிரிக்கப் புலம்பெயர் சினிமா: எங்கிருந்து தொடங்கலாம்?

கடைசிவரிசை: அடிமைமுறை பற்றிய ஹாலிவுட் படங்கள் பார்த்தாச்சு. புலம்பெயர்ந்தவர்களின் அன்றாட வாழ்க்கையைக் காட்டும் படங்கள் வேணும். எது முதலில்?

ரீல்பெட்டி: செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேனின் 'பிளாக் கேர்ள்' (1966). ஒரு மணி நேரம்தான். செனகல் தலைநகர் டக்காரிலிருந்து பிரான்சின் ஆன்டீபுக்கு வேலைக்குப் போகும் தியோவானாவின் கதை. அவள் எஜமானிக்குப் பரிசளித்த முகமூடியைக் கவனிங்க. வெள்ளைச் சுவரில் தனியாகத் தொங்கும். பிறகு அதைப் பிடுங்க இருவரும் மல்லுக்கட்டுவார்கள். அவள் மனக்குரல் ஹைட்டிக் கலைஞர் டோட்டோ பிசெய்ன்ட்டுடையது.

அடுத்து ஜூலி டாஷின் 'டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்' (1991). 1902இல் அமெரிக்கத் தென்கிழக்குக் கடலோரத் தீவை விட்டு வடக்கே கிளம்பும் கல்லா (அங்கே வாழும் ஆப்பிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல்கள்) குடும்பம். பலர் பாதியில் நிறுத்திடுவாங்க. கதை நேர்கோட்டில் போகாது, சொல்வதில் ஒருத்தி இன்னும் பிறக்காத குழந்தை, பேச்சும் கல்லா வழக்கு. சப்டைட்டில் போட்டுக்கோங்க. நானா, யூலா, எல்லோ மேரி மூவரையும் அடையாளம் தெரிஞ்சா போதும்.

நிழலாட்டம்: புதுசா வர்றவங்களுக்கு டாஷ் கனம். ஸ்டீவ் மக்வீனின் 'லவர்ஸ் ராக்' (2020) முதலில் பாருங்க. 1980 லண்டன், வீட்டு விருந்து, ஏறத்தாழ 70 நிமிஷம். பாட்டு நின்ன பிறகும் கூட்டம் தானே பாடிக்கிட்டு ஆடும் இடத்தில் ஹெட்போன் அவசியம். தரையில் செருப்பு உரசுவதுகூடக் கேட்கணும்.

ரீல்பெட்டி: சரிதான். கரீபியன் தீவான மார்டினிக் பற்றி வேணும்னா யூசான் பால்சியின் 'ஷுகர் கேன் ஆலி' (1983).