அடர்நீல அகேட் உருண்டை: கல்லா, கண்ணாடியா?

புதுக்கிறுக்கு:
குறுக்களவு 6 செ.மீ., எடை 290 கிராம். அடர்நீலம், இடையிடையே பளீரென்ற வெள்ளை வரிகள். ஒரு பக்கம் பட்டாணி அளவுக்குக் குழி, உள்ளே பொடிப்படிகங்கள் மின்னுகின்றன. பார்த்த ஒருவர் "வெறும் கண்ணாடி" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து மனசு சரியில்லை. அந்தக் குழியைப் பிசின் வைத்து அடைத்துவிடலாமா?

பட்டறைவாசி:
குழியில் கை வைக்காதீர்கள்! அது கல் என்பதற்கு முதல் சாட்சியே அதுதான். எரிமலைக் குழம்பு இறுகும்போது வாயுக்குமிழ்கள் வெற்றிடங்களாக நின்றுவிடும். சிலிக்கா கரைந்த நீர் அதற்குள் புகுந்து, சுவரிலிருந்து உள்நோக்கி வரிவரியாகப் படிந்தால் அகேட். நடுவில் மிஞ்சிய இடத்தில் குவார்ட்ஸ் படிகம் வளரும். நான் உருண்டை கடைகிறவன். அந்தப் பொந்து எந்தப் பக்கம் திறந்தால் அழகு என்று பார்த்துத்தான் கல்லையே அறுப்பேன். அதை அடைக்கச் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எடையை நம்பாதீர்கள். உங்கள் அளவுக்கு அகேட் என்றால் சுமார் 294 கிராம், சாதாரணக் கண்ணாடி என்றால் 282 வாக்கில் வரும். குறுக்களவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே எடை 5 சதவீதம் மாறிவிடும், அப்புறம் என்ன தீர்ப்புச் சொல்வது? லென்ஸில் பாருங்கள். கண்ணாடி என்றால் உருண்டையான காற்றுக்குமிழ்கள் இருக்கும், வரிகள் கலக்கிவிட்டதுபோல் சுழியும்.

நிறம்தான் சந்தேகம். இயற்கை நீல அகேட் பெரும்பாலும் வெளிறியிருக்கும், நமீபியாவின் 'புளூ லேஸ்' அகேட் மாதிரி. அடர்நீலம் என்றால் சாயமாகத்தான் இருக்கும்.

மலைக்காகம்:
நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் தெரிந்துவிடுமே?

பட்டறைவாசி:
பஞ்சில் நிறம் ஒட்டினால் சாயம், சரி. ஒட்டாவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது. ஜெர்மனியில் அகேட் பட்டறைகளுக்குப் பேர்போன இடார்-ஓபர்ஸ்டைன் ஊரில் 19ஆம் நூற்றாண்டிலேயே நீலம் ஏற்றினார்கள். பொட்டாசியம் ஃபெரோசயனைடு கரைசலில் கல்லை ஊறவைத்து, பிறகு இரும்பு சல்பேட்டில் போடுவது ஒரு முறை. கல்லுக்குள்ளேயே பிரஷ்யன் நீலம் என்ற கரையாத நிறமி உருவாகிவிடும். அதை அசிட்டோன் என்ன செய்யும்? நுண்துளை உள்ள வரிகள் கரைசலைக் குடிக்கும், இறுக்கமானவை வெள்ளையாகவே நிற்கும். உங்கள் பளீர் வெள்ளைக்குக் காரணம் அதுவாக இருக்கலாம். விரிசல் ஏதும் இருந்தால் அதன் ஓரத்தைப் பாருங்கள், சாயம் அங்கே தேங்கிக் கருத்திருக்கும்.

புதுக்கிறுக்கு:
பார்த்தேன். குமிழ் எதுவும் இல்லை. குழியின் பக்கத்தில் முடி மாதிரி ஒரு விரிசல், அதை ஒட்டி நீலம் இன்னும் கருத்திருக்கிறது. அப்படியானால் போலியா?

பட்டறைவாசி:
கல் அசல், நிறம் ஏற்றியது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சாயத்தை மறைத்து விற்பதுதான் தப்பு. சேகரிப்பு அட்டையில் 'அகேட், சாயமேற்றியது' என்று எழுதி வையுங்கள். வெயில் படும் ஜன்னலோரம் மட்டும் வேண்டாம், சில சாயங்கள் வெளுக்கும்.

இன்னொன்று. மட்டமான கண்ணாடிப் பலகையில் மெல்ல உருட்டிவிடுங்கள். குழிப்பக்கம் எடை குறைவு என்பதால் அது மேலே வந்துதான் நிற்கப் பார்க்கும். தாங்கி வளையத்திலும் அப்படியே வைத்தால் படிகம் கண்ணில் படும்.